பொரித்துறைக்கு வந்த சர்க்கார் நாய்

என் வேலை மீனைப் பயமுறுத்துவது. அரசு வேலைதான், ஒப்பந்த அடிப்படையில்.

பதவியின் பெயர் தப்பிய மீன் மீட்பு அலுவலர். விலங்கியலில் முதுகலைப் பட்டம் வேண்டும், நீச்சல் தெரிய வேண்டும் என்று விளம்பரத்தில் இருந்தது. எனக்கு இரண்டும் இருந்தன. வடிவு இறந்த மூன்றாவது மாதம் சேர்ந்தேன். வடிவு என் மனைவி. ஆறு நாள் காய்ச்சல்.

ஒரு ஜீப், நான்கு வலை, ஒரு நீர்நாய் கொடுத்தார்கள். நீர்நாய் இயந்திரம். நாலடி நீளம், கறுப்பு ரப்பர் தோல், கண்ணில் கேமரா, தண்ணீரை உறிஞ்சிச் சோதிக்க வாயில் ஒரு வடிகட்டி. நிஜ நீர்நாயின் வாசனையைக்கூடக் குப்பியில் அடைத்து வயிற்றுக்குள் வைத்திருந்தார்கள். ஜீப்பில் அதற்குப் பின் இருக்கை. முன் இருக்கையில் வைத்தால் சோதனைச் சாவடியில் இறங்கச் சொல்கிறார்கள்.

வாரம் ஒருமுறை மாமனார் போன் செய்வார். பெயர் ஆவுடையப்பன். அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். நாங்கள் வடிவைப் பற்றிப் பேசமாட்டோம். மீனைப் பற்றிப் பேசுவோம்.

"மாப்ள, அந்த மீனுக்கு என்னதான் கோளாறு?"

"பயம் கிடையாது மாமா."

"பிறவியிலயேவா?"

"முட்டையிலயே எடுத்துருதாங்க. பண்ணைத் தொட்டியில ஒரு லட்சம் மீனை நெருக்கி வளக்காங்க. பயந்த மீன் இரை எடுக்காது, ஒண்ணையொண்ணு முட்டிச் சாவும். மூளையில பயத்துக்குன்னு ஒரு சின்ன இடம் இருக்கு. அதை அணைச்சு விட்டுட்டா நிம்மதியாத் தின்னு கொழுக்கும்."

"நல்ல விசயம்தானல்லா."

"தொட்டிக்குள்ள இருக்கிறவரைக்கும்."

போன வெள்ளத்தில் அணைக்குக் கீழே இருந்த ஒரு பண்ணையின் கரை உடைந்தது. அறுபதாயிரம் கெண்டைகள் தாமிரபரணிக்குள் போய்விட்டன. பார்வைக்கு அவை ஆற்றுக் கெண்டை மாதிரியேதான் இருக்கும். ஆற்றுக் கெண்டையோடு சேர்ந்து முட்டையிடும். பிறக்கும் குஞ்சுகளுக்கும் பயம் அரைகுறையாகத்தான் இருக்கும்.

"இருந்துட்டுப் போட்டுமே மாப்ள."

"பயமில்லாத மீன் ஆத்துல தாங்காது மாமா. கொக்கு வந்தா எதிர்ல போய் நிக்கும். வலையைப் பாத்தா உள்ள போகும். அதுங்க கலந்து கலந்து, நாலு மழைக்கப்புறம் ஆத்துல ஒரு கெண்டை இருக்காது."

"ஓஹோ," என்றார் மாமனார். "பிரேக் இல்லாத வண்டி."

முறை எளிது. நீர்நாயைத் தண்ணீரில் விட வேண்டும். ஆற்றுக் கெண்டை ஐந்து நொடியில் பாறை இடுக்கில் ஒளிந்துவிடும். பண்ணைக் கெண்டை ஒளியாது. நீர்நாயின் மூக்கை முகர்ந்து பார்க்கும். சில மீன்கள் அதன் முதுகில் உரசிக்கொண்டு நிற்கும். அவற்றை அள்ளித் தொட்டியில் போட்டுக் கல்லூரி விடுதிகளுக்கு அனுப்புவேன். புதன்கிழமைக் குழம்பு. நிஜ நீர்நாய்கள் அந்த வருடம் நடக்க முடியாமல் பெருத்திருந்தன.

ஒன்பது மாதத்தில் ஆறு முழுக்க முடித்தேன். பொரித்துறை மட்டும் பாக்கி.

பொரித்துறை ஒரு படித்துறை. பத்தொன்பது படி. இறந்தவர்களுக்குத் திதி கொடுக்கும் இடம். அங்கே நூறு மீட்டருக்கு யாரும் மீன் பிடிப்பதில்லை. எந்தச் சட்டமும் இல்லை, பிடிப்பதில்லை, அவ்வளவுதான். ஆற்றில் மிஞ்சியிருந்த பெரிய ஆற்றுக் கெண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. புத்தியுள்ள பண்ணைக் கெண்டைகளும் அங்கே வந்து சேர்ந்திருந்தன.

புரட்டாசி கடைசி. அடுத்த ஞாயிறு மழை என்று வானிலை சொன்னது. முதல் வெள்ளத்தில் கெண்டை மேலே ஏறி முட்டையிடும். அதற்குள் பிரிக்காவிட்டால் ஒன்பது மாத வேலை வீண். மேலதிகாரி இதையே மூன்று முறை போனில் சொன்னார். சரி என்று மூன்று முறை சொன்னேன்.

துறையில் திதி செய்து வைப்பவர் சேதுராம வாத்தியார். எழுபது வயது. எதிரே பொரி விற்பவர் தங்கபுஷ்பம். இருவருக்கும் இருபது வருடப் பகை. என்னை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

"அந்த மீனை எடுக்கப்படாது," என்றார் வாத்தியார். "வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு பிராது கிடையாது. பிண்டத்தைத் தண்ணில விட்ட மூணாவது செகண்டு காணாமப் போறது. ஜனங்கள் அழறா. அப்பா ஏத்துண்டுட்டார், அம்மா ஏத்துண்டுட்டாங்கறா. வீடியோ எடுத்துண்டு போறா. சென்னைலேர்ந்து வரா."

"முன்னாடி?"

"முன்னாடி யாருக்குத் தெரியும்? பிண்டத்தைப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம மேல ஏறிடணும். அதான் வழக்கம். எடுத்துதா எடுக்கலையாங்கறது பித்ருக்கும் மீனுக்கும் நடுவுல உள்ள விஷயம்."

"அந்த மீன் பீடித்துண்டைக்கூட மூணு செகண்டுல முழுங்கும் சாமி."

"பீடி குடிச்சவா பிண்டமா இருக்கும்," என்றார் வாத்தியார்.

தங்கபுஷ்பம் குறுக்கிட்டார். "பயம் இல்லன்னா நல்லதுதான சார்? எங்க வீட்டுக்காரருக்கு இருந்தது பூராப் பயம்தான். என்னத்தக் கண்டாரு?"

அன்று மதியம் மாமனார் போன் செய்தார். வியாழக்கிழமை வடிவுக்கு முதல் வருஷத் திதி. பொரித்துறையில் கொடுக்க வேண்டும் என்றார். வீடியோ பார்த்தாராம்.

"அங்கன உடனே எடுத்திருதாம் மாப்ள. கண்ணால பாக்கலாமாம். எனக்கு அதைப் பாக்கணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். வடிவு கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் அப்பாவின் பேருந்தில் ஏறினாள். பஸ் பாஸ் முதல் நாளே காலாவதியாகியிருந்தது. தோழிகள் பார்த்துக்கொண்டிருக்க, மகளை நடு வழியில் இறக்கிவிட்டார். விசில் வேறு கொடுத்தாராம். அதன் பிறகு அவள் அவருடைய பேருந்தில் ஏறவில்லை. வீட்டிலும் கேட்டதற்கு மட்டும் பதில். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே. காய்ச்சல் வந்தபோது அவர் வந்து சேர்வதற்குள் அவளுக்கு நினைவு தப்பியிருந்தது.

"சரி மாமா," என்றேன்.

சனிக்கிழமை வாத்தியார் சாப்பிட்டுத் தூங்கப் போன நேரம் பார்த்து நீர்நாயைப் பொரித்துறையில் இறக்கினேன். ஒரு மீன்கூட ஒளியவில்லை. எல்லாம் அப்படியே நின்றன. போன் திரையில் முடிவு வந்தது. பண்ணை மீன் முந்நூற்று ஐம்பத்திரண்டு. ஆற்று மீன் பூஜ்யம்.

இயந்திரம் சொன்னதை நம்பினேன். அந்த வருடம் யார் எதைச் சொன்னாலும் நம்பினேன். மறுப்பதற்குத் தெம்பு வேண்டும். வலையை எடுத்து அள்ள ஆரம்பித்தேன். தொட்டியில் நாற்பது மீன் சேர்ந்திருக்கும். பொரிக்கடையிலிருந்து தங்கபுஷ்பம் இறங்கி வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"சார். இது நம்ம மூக்குத்தியல்லா."

"எது?"

"இந்தா, இந்தக் குண்டு. உதட்டுல பாருங்க."

ஒரு பெரிய கெண்டையின் உதட்டில் துருப்பிடித்த தூண்டில் முள் வளையமாகத் தொங்கியது.

"பதினோரு வருசமா இவளுக்குப் பொரி போடுதேன். உங்க பண்ணை போன வருசம்தான ஒடைஞ்சது?"

நான் மூக்குத்தியைப் பார்த்தேன்.

"பின்ன ஏன் நீர்நாய்க்குப் பயப்படல?"

"இந்தத் துறையில இதுங்கள எவன் தொட்டான், பயப்பட? உங்க சர்க்கார் நாயப் பாத்தா? எனக்கே பயமா இல்ல. அதுக்கு வருமாக்கும்."

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால், நாங்கள் காப்பாற்ற வந்த மீன்கள் எல்லாம் புதன்கிழமை விடுதிக் குழம்பில் கொதித்திருக்கும். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொட்டியைச் சாய்த்தேன். நாற்பதும் ஆற்றுக்குள் போயின. தங்கபுஷ்பம் ஒரு கை பொரி போட்டார்.

வாத்தியார் எழுந்து வந்ததும் தங்கபுஷ்பம் ஒன்று விடாமல் சொன்னார். இருபது வருடத்தில் இருவரும் பேசிக்கொண்டதில் அதுதான் நீளமானது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வாத்தியார் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "மூக்குத்தியையா?"

"அடையாளம் தெரியல சாமி. ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினா ஒரு மீனுக்கு நாலு நாள் ஆகும். மழைக்கு எட்டு நாள்தான் இருக்கு. கலந்துட்டா மூக்குத்தி பேரப்பிள்ளைங்க எந்த வலைக்கும் தானாப் போகும்."

"அடையாளம் என்ன அடையாளம்," என்றார் தங்கபுஷ்பம். "நம்ம மீன் மேல நின்னு பொரி போட்டாத் தின்னும். தண்ணிக்குள்ள ஆள் இறங்கி நின்னாக் கிட்ட வராது. அதுலயும் உத்துப் பாத்தா வரவே வராது. வெக்கமா பயமா தெரியல. ஆள் ஏறிப் போனப்புறம்தான் அந்தச் சோத்துகிட்டயே போகும். இந்தப் புதுசுங்கதான் கைக்குள்ள வந்து விழும்."

வாத்தியார் ஆற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அதுக்குத்தான் திரும்பிப் பாக்கப்படாதுன்னு வெச்சிருக்கா போலருக்கு."

"அப்ப அது சாஸ்திரம் இல்லையா சாமி?" என்றேன்.

"மீனுக்குத் தெரிஞ்ச சாஸ்திரம் ஓய்."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அவர் துறையில் வலை போடக் கூடாது. மீன் தானாக வந்து கூடையில் ஏறினால் அது மீனின் இஷ்டம்.

மாமனார் செவ்வாய்க்கிழமை வந்தார். பையில் எள், புதுத் துண்டு, பச்சரிசி. முதல் வேலையாக அந்த மீனைக் காட்டச் சொன்னார். கைவிரலைத் தண்ணீரில் விட்டார். பத்து மீன் வந்து விரலைச் சப்பின. அவர் முகம் மலர்ந்தது.

"மாமா," என்றேன். "இதுங்களைத்தான் எடுக்கப் போறோம்."

"வியாழக்கிழமைக்கு அப்புறமா?"

"அதுக்கு முன்னாடி. மழை வருது."

அவர் விரலை எடுக்கவில்லை. "ரெண்டே ரெண்டு மட்டும் விட்டு வைங்க மாப்ள. ஒண்ணு போதும்."

"இது யார் போட்டாலும் எடுக்கும் மாமா. நான் செருப்பைப் போட்டாலும் எடுக்கும். வடிவு ஏத்துக்கிட்டான்னு அதுக்கு அர்த்தம் இல்ல."

என் வாயிலிருந்து அவள் பெயர் வந்து பல மாதம் ஆகியிருந்தது. அவருக்கும் அது கேட்டது. கொஞ்ச நேரம் விரலைச் சப்பும் மீன்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு விரலை எடுத்துத் துண்டில் துடைத்தார்.

"அப்ப இதுங்க எல்லாம் வித்தவுட்டு," என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். மூங்கில் கூடையைச் சாய்த்துப் பிடித்தார். மீன்களை உற்றுப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் பயணிகளைப் பார்த்த பார்வை. ஆற்றுக் கெண்டைகள் உடனே விலகிப் போயின. பண்ணைக் கெண்டைகள் அவரைச் சுற்றி நின்றன.

"ஏறு, ஏறு. உள்ள இடம் இருக்கு. வாசல்ல நிக்காதீய. அந்தா, பெரியவரு, உள்ள போங்க."

ஏறின. கூடை நிறைந்ததும் பைக்குள்ளிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். நான் கூடையைத் தூக்கிப் போய்த் தொட்டியில் கொட்டினேன். திதி கொடுக்க வந்தவர்கள் தங்கள் சடங்கை முடித்துவிட்டு வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் மாமனாரிடம், இந்த மீன் எந்த ஊர் போகுது என்று கேட்டார்.

"இஞ்சினியரிங் காலேஜ் ஸ்டாப்பு," என்றார் மாமனார்.

புதன் சாயங்காலத்துக்குள் நூற்று எண்பது மீன் ஏறியிருந்தன. கடைசியாகக் குஞ்சு மீன்கள் ஆறு. ஒரு கை தூரத்தில் நின்றன. வருவதும் இல்லை, போவதும் இல்லை.

"இது என்ன மாப்ள, யோசிக்குது?"

"கலப்புக் குஞ்சு மாமா. பாதிப் பயம்."

"அரை டிக்கெட்டா." கூடையை இன்னும் சாய்த்தார். "அரை டிக்கெட்டும் ஏறணும்."

அசையாமல் நாற்பது நிமிடம் நின்றார். உதடு நீலமாகிவிட்டது. ஆறும் ஏறின. தங்கபுஷ்பம் அவருக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை திதி. மகன் இல்லாததால் நான்தான் செய்தேன். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துறையில் மீதி இருக்கும் மீனைக் கணக்கெடுக்க நீர்நாயை விடிந்ததும் தண்ணீரில் விட்டிருந்தேன். வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். பெயர் சொல்லும் இடத்தில் வடிவு என்றேன். முழுப்பெயர் சொல்லும் என்றார் வாத்தியார். வடிவுடைநாயகி.

பிண்டத்தை மாமனார் கையில் கொடுத்தேன். அவர் கடைசிப் படியில் குனிந்து தண்ணீரில் விட்டார். குனிந்தபடியே இருந்தார்.

"மாமா, ஏறணும்."

"ம்."

"திரும்பிப் பாக்கக் கூடாது."

"தெரியும் மாப்ள."

ஏறினோம். அவருக்கு முழங்கால் வலி. படிக்குப் படி நின்று ஏறினார். ஒவ்வொரு படியிலும் அவர் கழுத்து பாதி திரும்பி, திரும்பாமல் நேராயிற்று. பத்தொன்பதாவது படியில் தங்கபுஷ்பத்தின் பெஞ்சில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம்.

"எடுத்திருக்குமா?" என்றார்.

நான் அவர் தோளில் துண்டைப் போட்டேன்.

"அன்னைக்கு அவள எறக்கி விட்டிருக்கக் கூடாது. ஒரு நாளுதான் தாண்டியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் பாத்துக்கிட்டு இருக்கு. மத்த பிள்ளைன்னா விட்டிருப்பேன். எம்பொண்ணுங்கவும் விட முடியல."

"எனக்குச் சொல்லியிருக்கா மாமா."

"கோவமாச் சொன்னாளா?"

"சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. எப்ப சொன்னாலும் சிரிப்பா. நீங்க விசில் அடிச்ச மாதிரி அடிச்சுக் காட்டுவா." கொஞ்சம் யோசித்து மீதியையும் சொன்னேன். "பின்னால வந்த வண்டிக் கண்டக்டர்கிட்ட, ஒரு பிள்ளை பச்சைத் தாவணியில ரோட்டோரம் நிக்கும், ஏத்திக்கோன்னு நீங்க சொல்லிவிட்டதையும் சொன்னா."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "அது அவளுக்குத் தெரியுமா?"

"அந்தக் கண்டக்டரே சொல்லிட்டாராம்."

"தங்கசாமி," என்றார் மாமனார். "சொல்லாதலேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். எடுக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தார், அழுதுகொண்டும். "அப்ப ஏன் எங்கிட்ட ஒண்ணும் பேசல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா மாமா."

"நானும் அவளாக் கேப்பான்னு," என்றார்.

தங்கபுஷ்பம் எங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார். ஏன் என்று தெரியவில்லை. தின்றோம்.

பதினொரு மணிப் பேருந்தில் மாமனாரை ஏற்றிவிட்டேன். கண்டக்டரிடம் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார். ஜன்னல் வழியே, "எடுத்திருக்கும் மாப்ள" என்றார்.

திரும்பி வந்து நீர்நாயைக் கரையேற்றினேன். கணக்கு திருப்தியாக இருந்தது. இயந்திரம் இப்போதும் எல்லாவற்றையும் பண்ணை மீன் என்றுதான் சொன்னது; எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். நூற்று அறுபத்தாறு, எல்லாம் ஆற்று மீன். மூக்குத்தி உட்பட. திரையின் கீழே ஒரு சிவப்பு எச்சரிக்கை: வாயில் அடைப்பு.

வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே சோறு. கறுப்பு எள்ளோடு.

அறிக்கையில் 'கருவியின் நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. 'அடைப்பு. நீக்கப்பட்டது' என்று எழுதினேன். மாமனாருக்குப் போன் செய்யவில்லை. சாயங்காலம் வரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். பின் இருக்கையில் நீர்நாய் வாயைத் திறந்தபடி கிடந்தது. அவள் பசிக்கு வந்ததை இந்த ரப்பர் தின்றுவிட்டது என்று தோன்றியது. அடுத்த நொடி, எனக்கு அப்படித் தோன்றியதே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நானே சோறு பொங்கினேன். குழைந்துவிட்டது. எள் கலந்து உருட்டினேன். நீர்நாயின் பேட்டரியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

துறையில் யாரும் இல்லை. கிழக்கே மேகம் ஏறியிருந்தது. கடைசிப் படியில் குனிந்து உருண்டையைத் தண்ணீரில் விட்டேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. தூரத்தில் பாறையை ஒட்டி ஒரு பெரிய நிழல் அசையாமல் நின்றது. நான் பார்த்ததும் பின்வாங்கியது.

எழுந்து திரும்பினேன். ஏற ஆரம்பித்தேன்.

நாலாவது படியில் நின்றுவிட்டேன். எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. ஒரு வருடத்தில் எனக்கு வந்த முதல் பயம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பதினோராவது படியில் பின்னால் ஒரு சின்னச் சத்தம்.

தவளையாகவும் இருக்கலாம். நான் திரும்பவில்லை. மீதி எட்டுப் படி இருந்தது.